ஒரே ஒரு கழித்தல்: கர்னலின் ஃபைல் சிஸ்டம் கோடில் ஒரு நினைவகப் பாதுகாப்பு ஓட்டையைப் பின்தொடர்வது எப்படி

கர்னலில் பாதுகாப்பு ஓட்டை என்று ஒரு அறிவிப்பு வருகிறது. அதில் ‘ஹீப் ஓவர்ஃப்ளோ’, ‘இன்டிஜர் அண்டர்ஃப்ளோ’ என்று நாலு சொற்கள், பக்கத்தில் ஒரு மதிப்பெண். புதிதாக இந்தப் பக்கம் வருபவர்கள் அதைப் படித்துவிட்டு அப்டேட் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் உள்ளே என்னதான் நடந்தது என்று ஒருமுறையாவது கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டால், அடுத்து வரும் அறிவிப்புகள் புரிய ஆரம்பிக்கும். இருபது அறிவிப்புகளை மேலோட்டமாகப் படிப்பதைவிட ஒரு திருத்தத்தை வரிவரியாகப் படிப்பது மேல் என்பது என் கட்சி.

அதற்கு நான் எடுத்துக்கொள்வது சி.வி.இ-2022-0185. (சி.வி.இ என்பது வெளியே தெரிந்த ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் கொடுக்கும் அடையாள எண்.) லினக்ஸ் கர்னலின் ஃபைல் சிஸ்டம் பகுதியில் இருந்த ஓட்டை. 2022 ஜனவரியில் வெளியே வந்தது. க்ரூசேடர்ஸ் ஆஃப் ரஸ்ட் என்ற சிடிஎஃப் (ஹேக்கிங் போட்டி) குழுவைச் சேர்ந்தவர்கள் இதைக் கண்டுபிடித்து, கூகுளின் பரிசுத் திட்டத்தில் 31,337 டாலர் வாங்கினார்கள். (அந்த எண் ஹேக்கர்களின் பழைய எழுத்து விளையாட்டு: இலக்கங்களை எழுத்துகளாகப் பார்த்து ‘எலீட்’ என்று படிப்பார்கள். திருப்பிப் போட்டுப் படித்துத் தலையைச் சொறிய வேண்டாம்.) இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், பிழை ஒரே வரியில் இருக்கிறது, கழித்தல் தெரிந்தால் புரிந்துவிடும். ஆனால் விளைவு சின்னதல்ல: சாதாரணப் பயனர் ரூட் ஆகலாம், கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் இருப்பவர் வெளியே வரலாம்.

சி மொழி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸ் டெர்மினல் பழக்கம் வேண்டும். ஐந்தாம் படிக்கு மேல் ஒரு மெய்நிகர் கணினியும் வேண்டும்.

படி 1: முதலில் உங்கள் கணினி

படிப்பதற்கு முன் பூட்ட வேண்டியதைப் பூட்டிவிடுவோம். டெர்மினலில் ‘யூநேம்’ கட்டளையை ‘-ஆர்’ சேர்த்து ஓட்டுங்கள். வருவது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் பதிப்பு. ‘ஓடிக்கொண்டிருக்கும்’ என்பதைக் கவனியுங்கள். அப்டேட் நிறுவியபின் ரீபூட் செய்யவில்லை என்றால் டிஸ்கில் புதிய கர்னல் இருக்கும், நினைவகத்தில் பழையதுதான் ஓடும். மாதக்கணக்கில் அணைக்காத சர்வர்களில் இது சர்வசாதாரணம். ரீபூட் இல்லாமலே ஓடும் கர்னலைத் திருத்தும் லைவ்பேட்ச் வசதி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

இந்த ஓட்டை 5.1 பதிப்பில் நுழைந்தது, 5.16.2-இல் அடைக்கப்பட்டது. நீண்டகால ஆதரவு வரிசைகளுக்கும் அதே திருத்தம் போனது. சரி, 5.1-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இன் கர்னல் எண் 4.18 என்றுதான் காட்டும். ஆனாலும் அது பாதிக்கப்பட்டது. காரணம், நிறுவனங்கள் புதிய கர்னலின் பகுதிகளைப் பழைய எண்ணுள்ள தங்கள் கர்னலுக்குள் கொண்டுவந்து சேர்ப்பார்கள். சேர்த்த பகுதியோடு அதன் பிழையும் வந்துவிடும். இதற்கு நேர்மாறாக, பழைய எண்ணைக் காட்டும் கர்னலில் திருத்தம் எப்போதோ சேர்ந்திருக்கவும் கூடும். ஆகவே எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் டிஸ்ட்ரோவின் பாதுகாப்புப் பக்கத்தில் சி.வி.இ எண்ணைப் போட்டுத் தேடுங்கள். எந்தப் பேக்கேஜ் பதிப்பில் சரியானது என்று அங்கே இருக்கும்.

2022-இல் அடைத்த ஓட்டைதானே என்று இதை ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவின் சிசா அமைப்பு, நிஜத் தாக்குதல்களில் பயன்படுத்தப்படும் ஓட்டைகளின் பட்டியலில் இதை 2024 ஆகஸ்டில்தான் சேர்த்தது.

படி 2: உடனே ரீபூட் செய்ய முடியாவிட்டால்

இந்தப் பிழையைத் தொட, ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்யும் நிர்வாகி உரிமை வேண்டும். அது சாதாரணப் பயனருக்கு எப்படிக் கிடைக்கிறது? யூசர் நேம்ஸ்பேஸ் வழியாக. எந்தப் பயனரும் தனக்கென ஒரு நேம்ஸ்பேஸ் உருவாக்கி, அதற்குள் தானே ரூட்டாக இருக்கலாம். அந்த ரூட் உரிமை உள்ளே மட்டும்தான் செல்லும். ஆனால் அதை வைத்துக்கொண்டு, முன்பு நிஜ ரூட் மட்டுமே எட்டக்கூடிய கர்னல் கோடை இப்போது எவரும் எட்டிவிடலாம். கர்னலின் பல ஓட்டைகளுக்கு இதுதான் வாசல்.

எனவே தற்காலிகமாக அந்த வாசலைச் சாத்தலாம். டெபியன் குடும்பத்தில் ‘கர்னல்.அன்ப்ரிவிலேஜ்டு_யூசர்என்எஸ்_க்ளோன்’ என்ற சிஸ்கன்ட்ரோல் அமைப்பை 0 ஆக்க வேண்டும். ரெட் ஹாட் குடும்பத்தில் ‘யூசர்.மேக்ஸ்_யூசர்_நேம்ஸ்பேசஸ்’ என்பதை 0 ஆக்கலாம். இரண்டாவது வழியில் ரூட் இல்லாமல் ஓடும் போட்மேன் கன்டெய்னர்கள் நின்றுவிடும். பிரவுசரின் சான்ட்பாக்ஸும் ஃப்ளாட்பேக்கும் இந்த வசதியைத்தான் நம்பியிருக்கின்றன என்பதால் டெஸ்க்டாப்பில் யோசித்துச் செய்யுங்கள். ஒரு சான்ட்பாக்ஸை உடைத்து இன்னொரு ஓட்டையை அடைப்பது நல்ல பேரம் அல்ல.

கன்டெய்னர் நிர்வகிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டாக்கர் தனியாக ஓடும்போது அதன் இயல்பான செக்காம்ப் வடிகட்டி, புதிய நேம்ஸ்பேஸ் உருவாக்கும் சிஸ்டம் காலை (நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பை) தடுக்கும். பல கணினிகளை ஒரு க்ளஸ்டராகச் சேர்த்துக் கன்டெய்னர்களை ஓட்டும் குபர்னெட்டிஸில் நீங்களாக அமைக்காவிட்டால் அந்த வடிகட்டி இயல்பாக இயங்காது. ‘டாக்கரில் பாதிப்பில்லை, அதனால் க்ளஸ்டரிலும் இல்லை’ என்ற கணக்கு இங்கே தப்பாகிவிடும்.

படி 3: திருத்தத்தைத் தேடி எடுப்பது

லினக்ஸ் மூலக்கோடை கிட் மூலம் இறக்கிக்கொள்ளுங்கள். முழு வரலாறும் வேண்டும், கடைசி நிலை மட்டும் போதாது. அப்புறம் கமிட் செய்திகளில் ‘லெகசி_பார்ஸ்_பாராம்’ என்ற ஃபங்ஷன் பெயரைத் தேடினால் திருத்தம் கிடைத்துவிடும். அதைத் திறந்தவுடன் மாறிய வரிகளுக்குத் தாவ வேண்டாம். கமிட் செய்தியின் அடியில் ‘ஃபிக்ஸஸ்’ என்று தொடங்கும் வரி இருந்தால் அதைப் பாருங்கள். பிழையை முதலில் கொண்டுவந்த கமிட்டின் அடையாளம் அது. எந்தப் பதிப்பிலிருந்து பாதிப்பு என்பதை யாரையும் கேட்காமல் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

மாறியது ஒரே ஒரு நிபந்தனை வரி. இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான்.

படி 4: அந்த வரி

இந்த ஃபங்ஷனின் வேலை எளிது. ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்யும்போது சில விருப்பங்கள் கொடுப்போம்; ஒவ்வொன்றும் ‘பெயர்=மதிப்பு’ என்ற வடிவில் இருக்கும். புதிய முறையில் அவை ஒவ்வொன்றாக ‘எஃப்எஸ்கான்ஃபிக்’ என்ற சிஸ்டம் கால் வழியே வரும். பழைய முறையிலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டங்களுக்கோ எல்லாம் கமாவால் பிரிந்த ஒரே சரமாக வேண்டும். எனவே இந்த ஃபங்ஷன் ஒரு பக்க அளவுக்கு, அதாவது 4096 பைட்டுக்கு, ஒரு பஃபர் ஒதுக்கி, வருவதையெல்லாம் அதில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிறது. அப்போது ஈஎக்ஸ்டி4 கூட இந்தப் பழைய வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. ஃபைல் சிஸ்டத்தை நிஜமாக மவுன்ட் செய்யக்கூடத் தேவையில்லை. விருப்பங்களைக் கொடுக்கும் கட்டத்திலேயே பிழை நடந்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? பழைய சோதனையைத் தமிழ்ப் பெயர்களில் எழுதினால் இப்படி:

நீளம் > பக்கஅளவு − 2 − இருப்பு என்றால், மறுத்துவிடு.

‘இருப்பு’ என்பது ஏற்கெனவே நிரம்பிய அளவு. ‘நீளம்’ புதிதாக வருவது. அந்த 2 எதற்கு? முன்னால் வைக்கும் கமாவுக்கு ஒன்று, சரத்தை முடிக்கும் பூஜ்யத்துக்கு ஒன்று. பார்த்தால் சரியாகத்தானே இருக்கிறது?

எண்களைப் போட்டுப் பார்ப்போம். இருப்பு 4000 என்றால் 4096 − 2 − 4000 = 94. 94 பைட் வரை வரலாம், சரி. 94 பைட்டே வந்தது என்று வையுங்கள். கமாவோடு சேர்த்து இருப்பு 4095 ஆகும், கடைசி ஒரு பைட்டில் பூஜ்யம் உட்காரும். பஃபர் கச்சிதமாக நிரம்பிவிட்டது. இதுவரை எந்தத் தப்பும் இல்லை, எல்லாம் விதிப்படி.

இப்போது இன்னொரு விருப்பம் வருகிறது. 4096 − 2 − 4095. விடை −1. ஆனால் இந்த எண்கள் குறியில்லா வகை. அவற்றுக்கு எதிர்ம எண் என்று ஒன்று கிடையாது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் மறுமுனைக்குச் சுற்றிப் போய்விடும். 64 பிட் கணினியில் விடை 18446744073709551615. ‘நீளம் இதைவிடப் பெரிதா?’ என்று கர்னல் கேட்கிறது. எந்த நீளமும் பெரிதாக இருக்க முடியாது. கதவு திறந்துவிட்டது. அதுமட்டுமல்ல, இருப்பு இனிமேல் கூடிக்கொண்டே போகும் என்பதால் அடுத்தடுத்த முறைகளிலும் கழித்தல் பூஜ்யத்துக்குக் கீழேதான் போகும். ஒருமுறை திறந்த கதவு மூடுவதே இல்லை.

இருப்பு 4094 ஆக இருந்தால் விடை 0, எதுவும் உள்ளே வராது. 4095-இல் மட்டும் எல்லாமே வரும். ஒரே ஒரு பைட் வித்தியாசம். சோதனை எழுதுபவர்கள் 100, 4000, 5000 என்று போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையும் இடங்களில் இந்த மாதிரிப் பிழை ஒளிந்துகொள்ளும்.

எங்கே எழுதப்படுகிறது என்பதையும் பாருங்கள். புதிய கமா 4095 என்ற இடத்தில் விழுகிறது. அது பஃபரின் கடைசி பைட், இன்னும் உள்ளேதான். அடுத்து நகலெடுக்கும் பெயரின் முதல் எழுத்து 4096-இல் விழும். அது வேறு யாருடைய இடமோ. கர்னலின் ஹீப்பில் (கேட்கும்போது ஒதுக்கித் தரும் நினைவகப் பகுதியில்) பக்கத்தில் இருக்கும் பொருளில் ஒரு பாயின்டரோ, ஒரு நீள எண்ணோ இருந்தால், தாக்குபவர் தன் விருப்பப்படி அதை மாற்றி எழுதலாம். பக்கத்தில் எந்தப் பொருள் வந்து உட்கார வேண்டும் என்பதையும் பல முறை ஒதுக்கி விடுவித்து அவரே ஓரளவு ஏற்பாடு செய்துகொள்வார்.

திருத்தம்: இருப்பு + நீளம் + 2 > பக்கஅளவு என்றால், மறுத்துவிடு.

கணக்கு அதேதான். கழித்தல் கூட்டலாக மாறியிருக்கிறது, அவ்வளவே. கூட்டலும் மேல் எல்லையைத் தாண்டிச் சுற்றி வரலாமே என்று கேட்டீர்கள் என்றால் நல்ல கேள்வி. இங்கே பெயரும் மதிப்பும் தலா 256 பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் அது நடக்காது. நீளத்துக்கு எல்லை இல்லாத இடங்களில் கர்னலிலேயே ‘செக்_ஆட்_ஓவர்ஃப்ளோ’ போன்ற உதவிக் கருவிகள் இருக்கின்றன. அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இதற்கு மேல் எந்த ஃபைல் சிஸ்டம் கோடைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே படியுங்கள். இந்த எண்ணை யார் கொடுத்தது? எங்கே சோதித்தார்கள்? சோதித்த இடத்துக்கும் பயன்படுத்திய இடத்துக்கும் நடுவே எண்ணின் வகை மாறியதா?

படி 5: கர்னலைத் தொடாமல் செய்து பார்ப்பது

மெய்நிகர் கணினிக்குப் போகுமுன், இருபது வரியில் ஒரு சாதாரண சி நிரல் எழுதுங்கள். 4096 பைட் பஃபர், இருப்பு, நீளம், பழைய சோதனை, ஒட்டும் வேலை. ஜிசிசி அல்லது க்ளாங் கம்பைலரில், எல்லை மீறும் நினைவக அணுகலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இயக்கித் தொகுத்து ஓட்டினால், 4095-க்கு அடுத்த முறை நிரல் கத்திக்கொண்டு நிற்கும்.

ஒரு விஷயம். மாறிகளை எல்லாம் வெறும் ‘இன்ட்’ என்று அறிவித்தால் பிழை காணாமல் போய்விடும்! குறியுள்ள எண்ணில் −1 என்பது −1 ஆகவே இருக்கும், எந்த நீளமும் அதைவிடப் பெரிது, சோதனை ஒழுங்காக மறுத்துவிடும். நீளத்தை மட்டும் ‘சைஸ்_டி’ ஆக்குங்கள், ஒப்பிடும் நேரத்தில் −1 குறியில்லா எண்ணாக மாறி ஓட்டை திரும்பி வந்துவிடும். வகைகளை மாற்றி மாற்றிப் போட்டு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று பாருங்கள். பாடப்புத்தகத்தில் வகை மாற்ற விதிகளைப் படிப்பதைவிட இது மனதில் நிற்கும்.

படி 6: கேசானோடு ஒரு கர்னல்

கேசான் என்பது கர்னலுக்கான முகவரிச் சானிடைசர், 4.0 பதிப்பில், 2015-இல் சேர்ந்தது. நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்துக்கொண்டு, ‘இதைத் தொடலாம், இதைத் தொடக் கூடாது’ என்று குறித்துவைக்கும். நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை அதுவே விழுங்கும், வேகமும் நன்றாகக் குறையும். அன்றாடக் கணினிக்கு ஆகாது, சோதனைக்கு ரொம்ப நல்லது.

5.16.1 மூலக்கோடை எடுத்து, உள்ளமைப்பில் கேசானையும் டீபக் தகவலையும் இயக்கி, தொகுத்து, க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் துவக்குங்கள். அந்த மெய்நிகர் கணினியில் உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கக் கூடாது, பகிர்ந்த ஃபோல்டரும் வேண்டாம். அதன் உள்ளே மட்டும் சோதனை செய்யுங்கள். வேறு யாருடைய கணினியிலும் ‘சும்மா பார்க்கிறேன்’ என்று இதை ஓட்டுவது குற்றம். அலுவலகச் சர்வரும் அதில் சேர்த்தி.

படி 5-இல் எழுதிய எண்களை வைத்து, எந்த நீளத்தில் எத்தனை விருப்பங்கள் கொடுத்தால் இருப்பு 4095 வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். அதன்பின் இன்னும் ஒன்று கொடுத்தால் கர்னல் பதிவில் கேசான் அறிக்கை விழும். நீளமாக இருக்கும், மிரள வேண்டாம். இந்த வரிசையில் படியுங்கள்.

தலைப்பு வரியில் ‘ஸ்லாப் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’ என்று இருக்கும், கூடவே ஃபங்ஷன் பெயர். ஒதுக்கிய பகுதிக்கு வெளியே போயிருக்கிறது என்று பொருள். ‘யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ’ என்று இருந்தால் விடுவித்த பகுதியைத் தொட்டிருக்கிறது. அது வேறு கதை. அடுத்த வரியில் ‘ரீட்’ அல்லது ‘ரைட்’, அதோடு எத்தனை பைட். எழுதுவது என்றால் கூடுதல் ஆபத்து. ஆனால் வாசிப்பையும் அலட்சியப்படுத்த வேண்டாம், கர்னல் முகவரிகள் கசிவது அப்படித்தான்.

அதன்பின் அழைப்புச் சங்கிலி. மேலிருந்து வரும் முதல் சில பெயர்கள் கேசானுடையவை, ஒரு நகலெடுப்பு ஃபங்ஷனும் இருக்கும். அவற்றைத் தாண்டினால் ‘லெகசி_பார்ஸ்_பாராம்’. சங்கிலியின் அடியில் எஃப்எஸ்கான்ஃபிக் சிஸ்டம் கால். வெளியிலிருந்து பிழைவரை வந்த பாதை முழுக்க இங்கே கிடக்கிறது. பிறகு ‘யார் ஒதுக்கியது’ என்ற இன்னொரு சங்கிலி. கடைசியில் எனக்குப் பிடித்த வரி: பிழையான முகவரி ‘4096 பைட் பகுதிக்கு வலப்பக்கம் 0 பைட் தொலைவில்’ இருக்கிறது. நாம் தாளில் போட்ட கணக்கு அப்படியே திரும்பி வருகிறது. கமா உள்ளே, அடுத்த எழுத்து வெளியே, தொலைவு பூஜ்யம். அதற்குக் கீழே உள்ள நிழல் வரைபடத்தில் 00 என்பவை தொடலாம் என்ற இடங்கள். அவை முடிந்து ‘எஃப்சி’ தொடங்கும் இடத்தில் ஒரு அம்புக்குறி நிற்கும்.

அதே நிரலை 5.16.2-இல் ஓட்டுங்கள். அந்தக் கடைசி அழைப்பு பிழைக்குறியோடு திரும்பும், பதிவில் கேசான் வாயே திறக்காது. இரண்டு பக்கமும் பார்த்தால்தான் சோதனை முழுமை.

படி 7: இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு

செக்கோயா என்று பெயர் வைத்த சி.வி.இ-2021-33909-ஐ அடுத்ததாகப் படிக்கலாம். க்வாலிஸ் நிறுவனம் 2021 ஜூலையில் வெளியிட்டது. 3.16 பதிப்பிலிருந்து, அதாவது 2014 முதல், கர்னலில் இருந்திருக்கிறது. பாதையின் மொத்த நீளம் 1 ஜிபியைத் தாண்டும்படி ஃபோல்டருக்குள் ஃபோல்டராக உருவாக்கி, மவுன்ட் செய்து, அழித்துவிட்டு, மவுன்ட் தகவல் கோப்பை வாசித்தால், 64 பிட் அளவு ஒன்று குறியுள்ள 32 பிட் எண்ணாகச் சுருங்கி எதிர்மமாகிவிடும். நான் சொன்ன மூன்றாம் கேள்விக்கு அச்சு அசலான உதாரணம். பஃபருக்கு வெகு தொலைவில், வெறும் 10 பைட் எழுத முடியும். அதை வைத்தே ரூட் ஆனார்கள்.

இன்னொரு வகை, டிஸ்கிலிருந்தே வருவது. யாரோ திட்டமிட்டுக் கெடுத்த டிஸ்க் படிமத்தை நீங்கள் மவுன்ட் செய்யும்போது, அதில் உள்ள நீளங்களையும் எண்ணிக்கைகளையும் கர்னல் நம்பினால் வினை. கூகுளின் சிஸ்காலர் என்ற ஃபஸ்ஸிங் கருவி (தாறுமாறான உள்ளீடுகளைத் தானாகக் கொடுத்துப் பார்ப்பது) இந்த மாதிரிப் பிழைகளைக் கட்டுக்கட்டாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறது. ‘வாசிப்புக்கு மட்டும்’ என்று மவுன்ட் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. படிமத்தைப் படித்துப் பிரிக்கும் கோடு அப்போதும் ஓடும், பிழையும் அங்கேதான் இருக்கிறது. ஈஎக்ஸ்டி4 ஆக இருந்தால், நீங்கள் தனியாகத் தடுக்காவிட்டால், ஜர்னலைக்கூட (முடியாமல் நின்ற மாற்றங்களின் பதிவை) மறுபடி ஓட்டும்.

நம்பகமில்லாத படிமத்தைத் திறக்க வேண்டுமென்றால் ‘கெஸ்ட்மவுன்ட்’ கருவியைப் பயன்படுத்துங்கள். அது ஒரு குட்டி மெய்நிகர் கணினிக்குள் மவுன்ட் செய்து கோப்புகளை மட்டும் வெளியே காட்டும். வெடித்தாலும் உள்ளேயே வெடிக்கும். டெஸ்க்டாப்பில் யுஎஸ்பி செருகியதும் தானாக மவுன்ட் ஆவதை நிறுத்திவையுங்கள். நீங்கள் ஒருபோதும் பயன்படுத்தாத ஃபைல் சிஸ்டங்களின் மாட்யூல்கள் ஏறாதபடி மாட்ப்ரோப் அமைப்பில் தடை போடலாம். சர்வரில் எச்எஃப்எஸ் ப்ளஸ்ஸுக்கு என்ன வேலை?

படி 8: நீங்களே ஒன்றைக் கண்டால்

கேசான் அறிக்கை, கர்னல் பதிப்பு, உள்ளமைப்புக் கோப்பு, பிழையைத் திரும்ப வரவழைக்கும் மிகச் சின்ன நிரல். இந்த நான்கும் இருந்தால் உங்கள் அறிக்கையை யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள். மூலக்கோடின் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ ஃபோல்டரில் உள்ள ‘கெட்_மெயின்டெயினர்’ நிரலிடம் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பகுதியைப் பராமரிப்பவர் யார் என்று சொல்லும். சாதாரணப் பயனர் ரூட் ஆகக்கூடிய அளவுக்கு இருந்தால் பொது அஞ்சல் பட்டியலில் போடாமல், கர்னலின் பாதுகாப்புக் குழு முகவரிக்குத் தனியாக எழுதுங்கள். வெறும் எழுத்தாக எழுதுங்கள். அலங்கரித்த எச்டிஎம்எல் அஞ்சலுக்கு அங்கே மதிப்பில்லை.

சி.வி.இ எண் வேண்டும் என்று முதல் வரியிலேயே கேட்க வேண்டாம். 2024 பிப்ரவரியிலிருந்து கர்னல் திட்டமே அந்த எண்களை வழங்குகிறது, அதுவும் திருத்தம் நிலையான பதிப்பில் சேர்ந்த பிறகுதான். கெடுத்த படிமத்தை மவுன்ட் செய்ததால் வரும் பிழை என்றால், சில பராமரிப்பாளர்கள் அதைச் சாதாரணப் பிழையாகத்தான் நடத்துவார்கள். மவுன்ட் செய்பவர் ஏற்கெனவே ரூட்தானே என்பது அவர்கள் வாதம். வாக்குவாதத்தில் இறங்குவதைவிட, முடிந்தால் ஒரு பேட்சைச் சேர்த்து அனுப்புங்கள். 0185-இன் திருத்தத்தைக் கர்னலுக்கு எழுதிக் கொடுத்ததும் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர்தான்.